பேய் வருமுன் மனிதர்கள் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் திகில் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பேய்ப் படம் நம்மை எத்தனை முறை தூக்கிவாரிப் போட வைக்கிறதோ அதுவே அதன் மதிப்பெண் என்கிற மாதிரி கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதை ஒப்புக்கொள்ள முடியாமல்தான் இந்தக் கடிதம். இரண்டு மாதமாக நானும் என் மகளும் இரவில் உட்கார்ந்து, பழையதும் புதியதுமாக நிறையத் திகில் தொடர்களும் படங்களும் பார்த்தோம். தூக்கிவாரிப் போட்ட காட்சிகளில் பாதி மறுநாளே மறந்துவிட்டன. தூங்க விடாமல் செய்தவை வேறு.

முதலில் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'. மைக் ஃபிளானகன் இயக்கி 2018-இல் வந்த 10 எபிசோடு தொடர். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு இப்போதுதான் எனக்கு நேரம் கிடைத்தது. சிறு வயதில் ஒரு கோடைக்காலம் தங்கிய வீடு, வளர்ந்து பெரியவர்களான பின்னும் ஐந்து பிள்ளைகளை விடாமல் துரத்துகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடர் அவசரப்படவே இல்லை. முதல் 5 எபிசோடுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மூத்தவன் குடும்பத்தின் துயரத்தைப் புத்தகமாக எழுதிப் பெயர் வாங்கியவன். அடுத்தவள் இறந்தவர்களின் உடலைச் சீர்செய்து அடக்கத்துக்கு அனுப்பும் தொழில் செய்கிறாள். மூன்றாமவள் கையுறை இல்லாமல் யாரையும் தொடமாட்டாள். கடைசி இருவரும் இரட்டையர். அதில் பையன் போதையிலிருந்து மீளப் போராடுகிறான். இவர்களில் ஒவ்வொருவர் மேலும் நமக்கு ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஐந்தாவது எபிசோடின் கடைசியில், அதுவரை பயமுறுத்திக்கொண்டிருந்த ஓர் உருவம் யார் என்று தெரியவருகிறது. பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த இடத்தில் நான் அலறவில்லை, அழுதேன். மகள் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது எபிசோடு அதற்கும் மேல். குடும்பத்தில் ஒரு சாவு. வெளியே புயல். உள்ளே சவப்பெட்டியை வைத்துக்கொண்டு உடன்பிறந்தவர்கள் பழைய கணக்குகளைப் பேசிச் சண்டை போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர எபிசோடை ஐந்தே ஐந்து நீண்ட ஷாட்டுகளில் எடுத்திருக்கிறார்கள். கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது, வெட்டிக்கொண்டு வேறெங்கும் போவதில்லை. நாமும் அந்த அறையிலேயே மாட்டிக்கொள்கிறோம். நாங்களும் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். அம்மா போன அன்று ஒரே அறையில் உட்கார்ந்து நாங்கள் பேசிய பேச்சும் ஏறக்குறைய இதேதான். யார் கடைசி வரை பார்த்துக்கொண்டது, யார் போனை எடுக்கவில்லை என்று. அதனால்தானோ என்னவோ, பின்னணியில் ஒரு நிழல் வந்து நின்றபோது எனக்கு அது பேயாகத் தெரியவில்லை. நாங்கள் சண்டை போட்டதை யாரோ பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

இந்தத் தொடரில் இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டின் மூலைகளிலும் கதவோரங்களிலும் நிறைய உருவங்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். இசை அவற்றைச் சுட்டிக்காட்டாது, கேமராவும் நெருங்கிப் போகாது. "அம்மா, பின்னால கதவுகிட்ட யாரோ நிக்கிற மாதிரி இல்ல?" என்று மகள் கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன். அதற்குப் பின் ஒவ்வொரு காட்சியிலும் என் கண் பேசுபவரை விட்டுவிட்டு இருட்டையே தேட ஆரம்பித்துவிட்டது.

திடுக்கிட வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த உத்திக்கு வயது எண்பதுக்கு மேல். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாகத் தெருவில் நடந்து போவாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். அது சட்டென்று நின்றுவிடும். அவள் நடை வேகமாகும், நம் மூச்சும் கூடவே ஏறும். அந்த நேரம் பார்த்து மிருகம் சீறுவதுபோல் ஒரு சத்தத்தோடு திரைக்குள் வந்து நிற்பது வெறும் பேருந்து. அந்தச் சீற்றம் நம்மை உலுக்குகிறது என்றால், அதற்கு முன்னால் அவளோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம். இப்போது வரும் படங்களில் பல அந்தப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டன. வசனம் காதில் விழாத அளவுக்குக் கிசுகிசுப்பு, பேய் வந்தால் வீடே அதிரும் சத்தம். ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வால்யூமை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிசப்தத்தில் திடீரென்று சத்தம் வந்தால் உடம்பு தானாகத் துள்ளும். பாத்திரம் கீழே விழுந்தாலும் துள்ளத்தான் செய்யும். இதைப் பயம் என்று எப்படிச் சொல்வது?

சத்தத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 'எ கொயட் பிளேஸ்' (2018) ஒன்றே போதும். சத்தம் கேட்டால் பாய்ந்து வரும் ஜந்துக்கள். அதனால் அந்தக் குடும்பம் மணல் பரப்பிய பாதையில் வெறுங்காலோடு நடக்கிறது, சைகையில் பேசுகிறது. அந்தக் குடும்பத்தின் மகளுக்குக் காது கேட்காது. அந்த வேடத்தில் நடித்த மிலிசென்ட் சிமண்ட்ஸும் நிஜத்திலேயே செவித்திறன் இல்லாதவர். அவள் பார்வையில் காட்சி வரும்போது படத்தின் சத்தம் அடங்கிவிடும். பின்னால் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கத்த வேண்டும்போல் இருந்தது.

'ஹெரெடிட்டரி'யையும் சொல்ல வேண்டும். அதுவும் 2018 படம்தான். வீட்டின் பெரிய இழப்பு தெரியவரும் காலையில் கேமரா தாயின் பக்கமே போவதில்லை. படுக்கையில் கண் திறந்து கிடக்கும் மகனின் முகத்திலேயே நிற்கிறது. வெளியிலிருந்து, தாயாக நடித்த டோனி கோலெட்டின் கதறல் மட்டும் வருகிறது. மற்றக் காட்சிகள் கொஞ்சம் மங்கிவிட்டன, அந்தக் குரல் மட்டும் போகவில்லை. ஆனால் படத்தின் கடைசி அரை மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு துக்கத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, எல்லாவற்றையும் மந்திரக் கூட்டம் ஒன்றின் தலையில் போட்டதில் அந்தத் தாய் சிறுத்துப்போகிறாள்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பற்றி மகளுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. 2016-இல் வந்த முதல் சீசன் 8 எபிசோடு. காணாமல்போன மகனோடு பேச, சுவர் முழுக்க எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு சின்ன விளக்கைத் தொங்கவிட்டு, எது எரிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தத் தாய் ஒருத்தியே எனக்குப் போதும். 2022-இல் வந்த நான்காவது சீசனின் கடைசி எபிசோடு மட்டுமே 2 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அரக்கன் வளர்ந்துவிட்டான், சண்டைகள் பெரிதாகிவிட்டன, ஆனால் அந்தச் சுவர் தந்த நடுக்கம் எனக்குத் திரும்ப வரவில்லை. மகள் இதை ஏற்கமாட்டாள். அவள் அந்தப் பிள்ளைகளோடு கூடவே வளர்ந்தவள், அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கம், முடிக்காமலே நிறுத்தப்படும் தொடர்கள். '1899', 'ஆர்கைவ் 81', 'தி மிட்நைட் கிளப்' மூன்றுமே 2022-இல் வந்து ஒரே சீசனோடு நின்றுபோனவை. மூன்றாவதன் படைப்பாளிகளில் ஒருவரும் ஃபிளானகன்தான். அடுத்த சீசனில் என்ன நடந்திருக்கும் என்பதை அவர் இணையத்தில் எழுதிவிட்டார். பார்த்தவர்களிடம் அவர் காட்டிய மரியாதை அது. அவருடைய 'மிட்நைட் மாஸ்' (2021) 7 எபிசோடில் முழுதாக முடிகிறது. வசனம் நீளம் என்று சிலர் குறைப்பட்டாலும், செத்த பிறகு என்ன ஆகும் என்று இருவர் சோபாவில் உட்கார்ந்து பேசும் காட்சிக்காகவே அதை இரண்டாம் முறை பார்த்தேன்.

தங்கள் விமர்சனப் பகுதியில் திகில் படங்களுக்கு நான்கு வரிக்கு மேல் இடம் கொடுங்கள். தொடர் என்றால் கதை முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்று கட்டாயம் போடுங்கள். குழந்தைக்குக் கொடுமை நேரும் காட்சி இருந்தால் அதையும் ஒரு வரி குறிப்பிடச் சொல்லுங்கள். 'ஹெரெடிட்டரி' பார்த்த இரவு, பக்கத்து அறையில் மகள் மூச்சு விடுகிறாளா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி