அரிசிப் பானையில் புதைத்தால் வாட்ச் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் புகுந்த கைக்கடிகாரத்தை ஓர் இரவு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் குறிப்புகள் பகுதியில் ஒரு யோசனை வந்திருந்தது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் வாட்ச் ரிப்பேர் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு அரிசியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பின்மூடி இறுகிய வாட்சுக்குள் நிற்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி இழுக்கும்? மூடியைக் கழற்றிவிட்டுப் புதைத்தால் இன்னும் மோசம். அரிசி மாவு பல்சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். விடிவதற்குள், முள்ளைத் திருப்பும் ஸ்டெம் என்ற தண்டில் துரு தொடங்கியிருக்கும்.

காவிரியில் நீராடும் ஐப்பசி துலா முழுக்கில் ஆரம்பித்துக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு முடியும்வரை தண்ணீர் புகுந்து எங்களிடம் வருபவற்றில், கடலில் முக்குளிப்பவர்களுக்கான டைவர்ஸ் வாட்சின் டூப்ளிகேட்டுகள்தான் முன்னால் நிற்கின்றன. சாதாரண வாட்ச் கட்டியவர் படித்துறையிலேயே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். டயலில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று படித்தவர் தைரியமாக முங்கிவிடுகிறார். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது, கடைத்தெருவில் 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று வாங்கியது எல்லாம் இதில் அடக்கம். டூப்ளிகேட் என்று தெரிந்தே ஒருவர் கட்டிக்கொள்வது அவர் விருப்பம். அதை விற்பது 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வாங்கியாகிவிட்டது, கையிலும் கட்டியாகிவிட்டது என்பவருக்குத்தான் இந்தக் கடிதம்.

டைவர்ஸ் வாட்ச் என்று பெயர் வைக்க ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும். 200 மீட்டர் என்று எழுதினால் 250 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும். 1953-ல் பிறந்த ரோலெக்ஸ் சப்மரைனரின் சாயலில்தான் நம் பக்கம் வரும் டூப்ளிகேட்டுகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. அவற்றின் டயலில் இருக்கும் மீட்டர் கணக்கு வெறும் பெயின்ட்.

தண்ணீர் நுழையும் முதல் வாசல், சாவி என்று நாம் சொல்லும் கிரவுன். அசலில் சாவிக்குள்ளும் அது ஏறும் குழாய்க்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட ரப்பர் வளையங்கள் இருக்கும். டூப்ளிகேட்டில் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் கிரீஸ் காணாமல் வறண்டு கிடக்கும். மரை போட்டு முறுக்க வேண்டிய குழாயை வெறுமனே அழுத்திச் செருகியோ பசை வைத்தோ விட்டிருப்பார்கள். குழாய் பித்தளையாகவும் சாவி எஃகாகவும் இருந்தால் தேய்வது பித்தளை மரைதான். தேய்ந்த மரை இறுகுவதுபோல் வந்து கடைசிச் சுற்றில் 'டக்'கென்று வழுக்கும். அன்றைக்கே கடைக்குக் கொண்டுவந்தால் குழாயும் சாவியும் மாற்றுவதோடு போகும். தள்ளிப்போட்டால் மெஷினும் சேரும். அசல் கம்பெனிச் சாவியைத் தேடி அலைய வேண்டாம், பெரும்பாலும் மரை ஒத்துவராது. குழாயின் உள்விட்டம், வெளிமரை, ஸ்டெம் மரை மூன்றையும் அளந்து பொதுச் சந்தையில் கிடைக்கும் ஜோடியாகப் போடுவதே உருப்படி.

மரை தேயாமல் காக்க ஒரு பழக்கம் போதும். சாவியை மூடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். மரையின் தொடக்கம் விழும் இடத்தில் விரலுக்கு லேசாகத் தட்டும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் கோணலாக ஏறாது. விரல் இறுக்கமே போதும், குறடு வேண்டாம்.

அடுத்த வாசல் பின்மூடி. அங்கே உட்காரும் வாஷர் முறுக்கிக்கொண்டோ அளவு தவறியோ இருக்கும். பள்ளத்தைவிடத் தடிமன் குறைந்த வாஷர் அழுந்தாது, அழுந்தாத வாஷர் அடைக்காது. பழையதை இழுத்து அளக்கக் கூடாது. பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துதான் புது வாஷர் எடுக்க வேண்டும். சிலிக்கான் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்கு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது நாள்பட்டுப் பிசினாகும், சிக்கு வாடை வேறு. கடலோரத்திலிருந்து வரும் வாட்சைத் திறந்தால் இந்தப் பள்ளத்தின் கதை முழுதும் தெரியும்: ஓரமெல்லாம் வெள்ளை உப்பு, நடுவில் நைந்த கறுப்பு நூல் போல ரப்பர், ஸ்டெம்மின் நடுப்பகுதியில் செம்பழுப்புத் துரு, அந்தத் துருவின் தூள் டயலில் 3 மணிப் பக்கம் விசிறிபோல் பரவிக் கிடக்கும். தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ கடலில் கால் நனைத்து வந்தவர்கள் சாவியை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீர் நனைத்த துணியால் மூடியின் விளிம்பையும் செயின் மூட்டுகளையும் துடைத்தாலே பாதி அரிப்பு நின்றுவிடும்.

கேஸின் இடப்பக்கம் ஹீலியம் வால்வு என்று ஒரு குமிழ் வைத்த மாடல்களும் வருகின்றன. ஹீலியம் கலந்த காற்றில் நாள்கணக்கில் அடைபட்டு ஆழ்கடல் வேலை செய்பவர்களுக்கானது அது. கொள்ளிடத்தில் குளிப்பவருக்கு அது தண்ணீர் வர இன்னொரு ஓட்டை. அந்தக் குமிழைத் திருகவே திருகாதீர்கள்.

உங்கள் வாட்ச் ஈரத்தைத் தடுக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரச் சோதனையில் வரும் முறைதான் இது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஓர் எவர்சில்வர் தட்டை மூடி, தட்டு 40 முதல் 45 டிகிரி வரை, அதாவது கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அதன்மேல் வாட்சைப் பின்மூடி கீழே படும்படி 15 நிமிடம் வையுங்கள். தட்டின் மேற்புறம் உலர்ந்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் வட்டமாகப் பனி படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஈரம் இருந்தால் ஓட்டை இருக்கிறது என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. இதில் எங்கள் தொழில்காரர்களே தவறு செய்கிறோம். அடைமழை நாளில் கடை வாசலில் உட்கார்ந்து மூடியைத் திறந்து மூடினால், அந்த மழைக்காற்றையே உள்ளே அடைத்துவிடுகிறோம். 30 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்று அது. கண்ணாடி 27 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே பனி பிடிக்கும். ஏசி பஸ்ஸில் ஏறினால் போதும். வாடிக்கையாளர் 'நேற்றுதானே வாஷர் போட்டீர்கள்' என்று திரும்பி வருவார். வாஷர் மேல் குற்றமில்லை. மூடும் முன் திறந்த வாட்சை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் சில மணி நேரம் வைத்து, முடிந்தால் ஏசி அறையில் மூடினால் இந்தத் தொல்லை இல்லை. 25 டிகிரி, 50 சதவீத ஈரக் காற்றை அடைத்தால் கண்ணாடி 14 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் பனி வரும். டெல்டாவில் அதற்கு ஐஸ் கட்டிதான் வைக்க வேண்டும்.

வெயிலில் வரப்பில் நின்றுவிட்டு நேராகப் பம்புசெட்டுத் தொட்டியில் கையை விடுவதும் இப்படிப்பட்டதே. வாட்ச் 45 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. 60 செ.மீ. உயரத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதற்குச் சமம். தளர்ந்த வாஷருக்கு அது போதும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலோ வெந்நீரும் சீயக்காய் நுரையும் சேர்ந்துகொள்கின்றன. நுரை தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், வெறும் தண்ணீர் தயங்கி நிற்கும் நூலிழை இடுக்கிலும் அது இறங்கும்.

கடையில் செய்யும் சோதனைக்குக் கையால் பம்பு அடிக்கும் அக்ரிலிக் குழாய் ஒன்று போதும். பாதித் தண்ணீர், மேலே காற்றில் வாட்ச். 3 பார் வரை (ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம்) அடித்து ஐந்து நிமிடம் விட வேண்டும். ஓட்டை இருந்தால் அழுத்தக் காற்று வாட்சுக்குள் போயிருக்கும். பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாகக் குறைத்தால் அந்த ஓட்டை வழியே குமிழ் வரிசையாகக் கிளம்பும். கண்டதும் அழுத்தம் முழுதும் இறங்குமுன் வாட்சை மேலே தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கண்ணாடியைச் சுற்றித் திருகும் பெசல் வளையத்துக்கு அடியில் தங்கிய காற்றும் நாலைந்து குமிழ் விட்டு நின்றுவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விடாமல் ஒரே இடத்திலிருந்து வருவதுதான் ஓட்டை. 3 பார் தாங்கிய டூப்ளிகேட்டை மழைக்கும் கை கழுவவும் நம்பலாம். குளத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்.

தண்ணீர் புகுந்தே விட்டால்? சாவியை வெளியே இழுத்துவைத்தால் பல மெஷின்களில் ஓட்டம் நிற்கும். முள் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, திருகாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சூட்டில் ஆவியான நீர் டயல், ஹேர் ஸ்பிரிங் என்று எல்லா இடத்துக்கும் பரவும். ஆற்றுத் தண்ணீர் என்றால் அன்றைக்குள், கடல் தண்ணீர் என்றால் சில மணி நேரத்துக்குள் மூடி திறக்கப்பட வேண்டும். உப்புத் தண்ணீர் போன மெஷினை முதலில் சுத்தமான நீரில் அலசிய பிறகே மற்றது. அவசரத்தில் முழு மெஷினையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடும் இளைய தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் என்ற நெம்புகோலின் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு. ஸ்பிரிட்டில் கிடந்தால் அது இளகும். ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தையும் பேலட்டையும் தனியே கழற்றிவிடுங்கள்.

பெசல் சுற்றாமல் மாட்டிக்கொள்வது நம் ஊருக்கே உரிய நோய். காவிரி வண்டல் மாவு போல நயமானது. சேற்றில் வேலை பார்த்துவிட்டு வந்தால் வளையத்தின் அடியில் புகுந்து, காய்ந்ததும் கிளிக் ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விபூதியும் சந்தனமும் தம் பங்குக்குச் சேரும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மெல்லிய ஸ்பிரிங் வளைந்து, அதன்பின் பெசல் இரண்டு பக்கமும் சுற்றும். கேஸின்மேல் டேப் ஒட்டி, மெல்லிய பிளேடால் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி வளையத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்தால் திரும்பப் பேசும். 120 கிளிக் பெசலில் அரைக் கிளிக் ஆட்டம் இருந்தால் அது பிறவிக் கோளாறு, விட்டுவிடலாம். வளையத்தின் மேலுள்ள எண்பட்டை சித்திரை வெயிலில் பசை இளகி நகர்ந்தால் மெல்லிய இருபக்க டேப் வைத்து ஒட்டுங்கள். ஃபெவிகுவிக் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மலிவானவற்றில் ஜப்பானின் மியோட்டா 8215 மெஷினைப் பார்த்துச் செய்த சீன மெஷின் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு 6. சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824-ஐப் பார்த்துச் செய்தது 28,800, நொடிக்கு 8. செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து எண்ணினால் கடைக்காரர் சொன்னது உண்மையா என்று தெரிந்துவிடும். முதல் வகையில், கை அசைவில் சுழலும் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டுமே ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கும். மறுபக்கம் 'கர்ர்' என்று வெறுமனே சுழலும், அது பழுதல்ல. இரவு 9 முதல் அதிகாலை 3 மணிக்குள் தேதியைச் சாவியால் மாற்றினால் பல் உடையும், அது பழுது. திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் ஸ்பீக்கர் காந்தம் பிடித்திருக்கும், காந்தம் நீக்க ஒரு நிமிட வேலை. முழுதும் சாவி கொடுத்த பிறகும், ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் ஆம்பிளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, 200 டிகிரிக்குக் கீழே காட்டினால் சர்வீஸ் செய்வதைவிட மெஷினையே மாற்றுவது லாபம். மாற்றும்போது எது கிடைக்கிறதோ அதைத் திணிக்க முடியாது. சீக்கோ என்எச்35 நல்ல மெஷின்தான், ஆனால் 5.32 மி.மீ. தடிமன். 2824 வகை 4.6 மி.மீ.தான். அது இருந்த கேஸில் என்எச்35-ஐ வைத்தால் மூடி மூடாது, சாவி ஓட்டையும் நேர்ப்படாது. நொடிமுள் துளை 2824-ல் 0.25 மி.மீ., என்எச்35-ல் 0.20, பழைய முள்ளைப் போட்டால் நழுவி விழும்.

கடைசியாக, ரிப்பேருக்குக் கொடுக்கும்போது டூப்ளிகேட் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த உதிரி, எவ்வளவு விசை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. மூடியைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது, பிறகு கூச்சம் எதற்கு? மூடுவதற்கு முன் புது வாஷரைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மழைக்காலத்தில் 'நாளைக்கு வாங்க' என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ச் சிலிக்கா ஜெல் டப்பாவில் உலர்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
வாட்ச் ரிப்பேர் தொழிலாளர்கள் சிலர்,
கும்பகோணம்.