எல்லோருக்கும் ஒரே முகம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

இனக்கலப்பு இப்படியே போனால் சில நூற்றாண்டுகளில் எல்லோரும் ஒரே மாநிறத்தில், ஒரே சாயலில் இருப்போம் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். 1993இல் டைம் இதழ்கூட பல இனத்தவரின் முகங்களைக் கணினியில் கலந்து உருவாக்கிய ஒரு பெண்ணின் படத்தை, அமெரிக்காவின் புது முகம் என்று அட்டையில் போட்டது. பார்க்க அழகுதான், ஆனால் மரபியல் அப்படி வேலை செய்வதில்லை.

மரபணுக்கள் பெயிண்ட் மாதிரி கலந்து கரைவதில்லை, தனித்தனியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. மரபியலின் முன்னோடி மெண்டல் 1865லேயே பட்டாணிச் செடியை வைத்துக் காட்டிய விஷயம்தான். தோல் நிறத்தை எடுத்துக்கொண்டாலே அதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு வேறு சேர்க்கை விழும், அதனால்தான் கலப்புத் தம்பதியரின் இரட்டையரில் ஒருவர் வெளுப்பாகவும் மற்றவர் கறுப்பாகவும் பிறப்பது அபூர்வமாகவாவது நடக்கிறது. பிரேசிலில் ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், பூர்வகுடிகள், இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த ஜப்பானியர் என்று 500 ஆண்டுகளாகப் பலரும் வந்து கலந்தும் அங்கே ஒரே முகமா வந்துவிட்டது?

சரி, மாற்றமே இருக்காதா? இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும் சிவப்பு முடி போன்றவை குறையலாம், ஆனால் அந்த மரபணு அழியாமல் உள்ளேயே இருக்கும். கருந்தோலும் நீலக் கண்ணும் சேர்ந்த முகங்கள் கூடலாம். அதுகூடப் புதிதில்லை, பிரிட்டனின் செடார் பகுதியில் கிடைத்த சுமார் 10,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டுக்குரியவர் அப்படித்தான் இருந்திருப்பார் என்று 2018இல் மரபணு ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்