உன் புதிர் நோட்டுக்கு ஒரு முகவரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கண் உறுத்தியதால் பாதியில் எழுந்துவிட்டேன். இப்போது இரண்டாவது கண்ணுக்கும் புரை அறுவை சிகிச்சை முடிந்து, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மகள் வேலை மாறியிருக்கிறாள். முன்புபோல அலைச்சல் இல்லை, முகத்தில் களை வந்திருக்கிறது. நீ ஓய்வு பெற்ற அன்று உன் பழைய மாணவர்கள் திரண்டு வந்து நின்றதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு அந்த மரியாதை சேர வேண்டியதுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சொந்தமாக ஒரு வெப்சைட் ஆரம்பிக்க இந்த வயதில் முடியுமா என்று எழுதியிருந்தாய். முடியும். உனக்கு முடியும் என்பதோடு, நீ செய்தே ஆக வேண்டும் என்றும் நினைக்கிறேன். கணக்குப் புதிர்கள் எழுதிய ஒன்பது நோட்டுகளை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாய். உன்னிடம் படித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவை தெரியாது.

என் தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, நம் ரேடியோ கார்டுகள்தான். விடுதி அறையில் விளக்கணைத்த பிறகு சிற்றலையில் எங்கேயோ தூரத்து நிலையத்தைப் பிடித்து, கேட்டது எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதி அனுப்புவோமே, ஞாபகம் இருக்கிறதா? சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை பரவிய விதம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு 44333 என்று ஒரே எண்ணாக எழுதுவோம். ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பைத்தான் என்று உறுதி சொல்லி ஒரு கார்டு வரும். அந்தக் கார்டுகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அன்று நடந்ததை நாலைந்து பத்தி எழுதியிருக்கிறேன். இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் நான் முதலில் வேறு ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்தேன். யாரோ நடத்திய இலவசச் சேவை. ஆறு வருஷம் எழுதினேன். ஒருநாள் அதை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், நான் பார்ப்பதையே விட்டுவிட்ட பழைய முகவரிக்கு. கையில் பிரதி எதுவும் இல்லை. அந்தக் கார்டுகளைப் பற்றி முதலில் எழுதியது அத்தனையும் போய்விட்டது. இரண்டாம் முறை எழுதியபோது சில சங்கதிகள் மனதுக்கு வரவே இல்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் கோடிக்கணக்கான பக்கங்களை மக்கள் ஆசையாகக் கட்டி வைத்திருந்தார்கள். 1999இல் அதை யாஹூ வாங்கியது, 2009இல் மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து பிரதி எடுத்ததால் அவற்றில் பல பிழைத்தன. அதனால் உனக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எதை எங்கே ஏற்றினாலும், அசல் உன் கணினியில், உன் கையில் இருக்கட்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். என்ன பெயர் வாங்குவது, எந்த நிறுவனத்தில் இடம் எடுப்பது, எந்த வடிவமைப்பு அழகு என்று படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நோட்பேடைத் திறந்தேன். ஒரு தலைப்பு, அதற்குக் கீழே ஒரு பத்தி. இது தலைப்பு என்று பிரவுசருக்குச் சொல்ல அதற்கு முன்னும் பின்னும் ஒரு குறி, பத்திக்கு முன்னும் பின்னும் ஒரு குறி. இன்டெக்ஸ் என்று பெயர் வைத்து, கடைசியில் டாட் ஹெச்டிஎம்எல் சேர்த்துச் சேமித்தேன். அதன்மேல் இருமுறை கிளிக் செய்ததும் பிரவுசர் திறந்து, நான் எழுதியது பெரிய தலைப்போடு வந்து நின்றது. இணைய இணைப்பு தேவைப்படவில்லை, யாருக்கும் காசு கட்டவில்லை, எங்கும் பதிவு செய்யவும் இல்லை. அன்றைய சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

வலை என்பதே இவ்வளவு எளிமையாகத்தான் பிறந்தது. செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991இல் அது வெளியாட்களுக்கும் திறந்தது. உலகின் முதல் வெப்சைட்டின் 1992ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றைச் செர்ன் மறுபடி அதே முகவரியில் வைத்திருக்கிறது. போய்ப் பார். படம் இல்லை, வண்ணம் இல்லை, எழுத்தும் லிங்கும் மட்டும். அன்று எழுதியது இன்றைய போனிலும் தெரிகிறது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட தலைப்புக் குறியும் பத்திக் குறியும் அந்தக் காலத்திலிருந்தே இருப்பவைதான். முப்பது வருஷத்துக்கு மேல் தாங்கிய முறை என்பதால்தான் உன் நோட்டுகளையும் துணிந்து அதில் ஏற்றச் சொல்கிறேன்.

ஏற்றும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இரு. என் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ், தளத்தை எல்லோருக்கும் அனுப்பும் கணினியான சர்வரில் ஏற்றியதும் சிதறிவிட்டது. பார்த்த இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதாவது ஒரு குறி. பக்கம் முழுக்கப் பெரும்பாலும் இதே வரிசை. எழுதியதெல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன், பழைய அனுபவம் அப்படி. ஆனால் ஒன்றும் போகவில்லை. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், அதாவது மூன்று எண், எடுத்துக்கொள்கிறது. இது அந்த முறையில் எழுதியது என்று பக்கத்தில் நான் சொல்லவில்லை. அதனால் பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணிவிட்டது. ஓர் 'அ' இருந்த இடத்தில் மூன்று குறி வந்தது அப்படித்தான். பக்கத்தின் தலைப்பகுதியில் முதல் வேலையாக 'மெட்டா சார்செட்' என்ற வரியைப் போட்டு யூடிஎஃப்-8 என்று குறித்துவிடு. நான் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் தமிழ் அப்படியே திரும்பி வந்தது. நீ எண்களை நேசிப்பவன் என்பதால் காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

இன்னொன்று, ஃபைல் பெயர்களை எல்லாம் சிறிய ஆங்கில எழுத்திலேயே, இடைவெளி விடாமல் வை. விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், பெரும்பாலான சர்வர்கள் அப்படிப் பார்க்காது. என் கார்டுகளில் பாதி அதனால்தான் முதல் நாள் தெரியவில்லை. போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் 'வியூபோர்ட்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அதை என் ஃபைலில் இருந்தே எடுத்துக்கொள். ஸ்கேன் செய்த படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துவிட்டு ஏற்று. அசல் அளவிலேயே ஏற்றினால், மெதுவான இணைப்பில் பார்ப்பவர் காத்திருந்து அலுத்துப் போய்விடுவார்.

படங்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காமல், போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆசைக்கு என் தளத்தையே வாசிக்க வைத்தேன். பத்திகளைச் சரியாக வாசித்தது. கார்டு வந்த இடத்தில் மட்டும், ஸ்கேன் ஜீரோ ஏழு டாட் ஜேபிஜி என்று ஃபைல் பெயரை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நமக்கு அத்தனை அருமையான கார்டு, பார்வையில்லாத ஒருவருக்கு வெறும் ஃபைல் பெயராகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. கட்டுப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, பதினான்கு கார்டுக்கும் மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக வாசிக்க வேண்டிய விவரம், எழுதியதுதான். என்ன நிறம், என்ன படம், என்ன அச்சடித்திருக்கிறது, கையெழுத்து எந்த மூலையில் என்று வரி வரியாக எழுதினேன். நீயும் உன் முக்கோணங்களுக்கும் வட்டங்களுக்கும் அப்படி எழுது. எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் என்று சொன்னால், பார்க்காமலே போட்டுவிடும் புத்திசாலிகள் இருப்பார்கள்.

உனக்கென்றே செய்து வைத்தது மாதிரி ஒரு குறியும் இருக்கிறது. 'டீடெய்ல்ஸ்' என்று பெயர். அதற்குள் எழுதுவது மூடியே இருக்கும், படிப்பவர் தொட்டால்தான் திறக்கும். புதிர் மேலே, விடை உள்ளே. நீ வகுப்பில் விடையை எழுதிக் கையால் மறைத்துக்கொள்வாயே, அதேதான். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பின்னமும் வர்க்கமூலமும் எழுத 'மேத்எம்எல்' இருக்கிறது, 2023 தொடக்கத்தில் குரோமும் அதை ஏற்றுக்கொண்டதால் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. ஆனால் அது கொஞ்சம் நீட்டி முழக்கும் முறை. ஆரம்பத்தில் வேண்டாம், எண்ணும் எழுத்தும் போதும்.

தளத்தின் முகவரியான டொமைன் பெயர், ஃபைல்களை வைக்கும் இடமான ஹோஸ்டிங் எல்லாம் ஐந்தாறு பக்கம் எழுதிய பிறகு பார்த்துக்கொள். கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்ற இடங்களில் இந்த மாதிரி ஃபைல்களை இலவசமாகவே வைக்கலாம். பெயர் என்பது நாம் வாங்குவது இல்லை, வாடகைக்கு எடுப்பது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஒரே தடவையில் அதிகம் போனால் பத்து வருஷத்துக்குக் கட்டலாம். பதிவு உன் பெயரில், நீ தினமும் பார்க்கிற மின்னஞ்சலில் இருக்கட்டும். வேறு யாராவது செய்து தருகிறேன் என்றாலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் எடு என்று பலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அதை அடிக்கடி அப்டேட் செய்து பராமரிக்க வேண்டும். புதிர்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் தளத்தில் போடாதே. தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்.

யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஐந்து மாதம் எனக்கு ஒருவரும் எழுதவில்லை. அப்புறம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏழாவது பக்கத்தில் இருக்கும் அதே கார்டு அவரிடமும் இருக்கிறதாம். அந்த ஓவியத்தை நான் குறிப்பிட்ட ஆண்டுக்கு அடுத்த வருஷம்தான் அந்த நிலையம் அச்சடித்தது என்றும், என் ஆண்டு தவறாக இருக்கலாம் என்றும் மிகவும் பணிவாகச் சொல்லியிருந்தார். அதைப் படித்தபோது, விடுதிக்குத் தபால்காரர் முதல் கார்டைக் கொண்டு வந்த நாளில் இருந்த அதே படபடப்பு.

ஒன்று முதல் நூறு வரை எழுதினால் ஒன்பது என்ற இலக்கம் எத்தனை முறை வரும் என்று நீ கேட்டதும், நான் பதினொன்று என்றதும், நீ தொண்ணூறுகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டி இருபது என்று நிரூபித்ததும் எனக்கு மறக்கவில்லை. உன் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும். நோட்பேடில் எழுதி, அந்த ஃபைலை மின்னஞ்சலில் இணைத்து எனக்கு அனுப்பு. திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்புறம், அந்த ஏழாவது கார்டு உனக்கும் ஒன்று வந்ததே, நீல நிற ஓவியம் போட்டது. என்னுடையதில் தபால் முத்திரை மங்கிவிட்டது. உன்னுடையதில் ஆண்டு தெரிகிறதா என்று பார்த்து எழுது. தெரிந்தால் பக்கத்தைத் திருத்திவிட்டு, அவருக்கும் பதில் போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்