பாதியில் விட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் படிப்பில் சேரும் பெரியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று அதில் முடித்திருந்தது வருத்தமாக இருந்தது. ஆறு வருடங்களாக, வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மாலை நேரத்தில் இணையத்தில் எக்செல் என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லித்தருகிறேன். என் வகுப்பை விட்டுப் போனவர்களில் பலர் என்னால்தான் போனார்கள்.

முதல் வருடம் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சேர்ந்திருந்தார். கேமராவை அணைத்தே வைத்திருப்பார். ஏதாவது கேட்டால் "புரியுதுங்க" என்பதோடு சரி. மூன்றாவது வாரம் வரவில்லை. போன் செய்தேன். இருபது வருடமாக ஒரு கடையின் வரவு செலவை நோட்டில் எழுதியவர் அவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரை உட்காரவைத்து 'இது செல் (கட்டம்), இது ரோ (வரிசை)' என்று இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன்!

அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கேமராவுக்கு முன்னால் பிரித்துக் காட்டினார். ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடுகள், பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை, அதே தொகை அடுத்த பக்கத்தின் தலையில். அதே கணக்கை எக்செல்லில் போட்டு, மேலே ஓர் எண்ணை மட்டும் மாற்றினேன். கீழே இருந்த கூட்டல் எல்லாம் தானாக மாறியது. "அப்போ ஒரு இடத்துல திருத்தினா எல்லாப் பக்கத்தையும் மறுபடி கூட்ட வேண்டாமா?" என்று கேட்டார். அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. ஃபார்முலா எதற்கு என்பது அன்று வகுப்பு முழுவதற்கும் விளங்கியது.

பெரியவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, அவர்களுடைய அனுபவத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும், ஒன்றை எதற்காகப் படிக்கிறோம் என்பது அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தினார். இணையப் பாடங்களில் பெரும்பாலானவை இன்னும் அதைக் காதில் வாங்கவில்லை.

எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் நடத்தும், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்தநிலை இணையப் படிப்புகளில் 2017-18-இல் பதிவு செய்தவர்களில் 100-க்குச் சுமார் 3 பேர்தான் முடித்தார்கள் என்று ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சும்மா எட்டிப்பார்க்கப் பதிவு செய்தவர்களும் அதில் உண்டு, சரி. மிச்சம் அத்தனை பேருமா உறுதியில்லாதவர்கள்?

வீடியோவின் நீளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்எக்ஸ் தளத்தின் 4 படிப்புகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வு, 6 நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோக்களைப் பலர் முழுதாகப் பார்ப்பதில்லை என்று காட்டியது. நானும் என் ஒரு மணி நேரப் பாடத்தைத் துண்டு துண்டாக்கினேன். ஆனால் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைத்தபோதுதான் பாடம் மனதில் தங்கியது. பரீட்சை என்றாலே பெரியவர்களுக்கு உதறல். அதனால் மதிப்பெண் கிடையாது; நோட்டைப் பார்க்காமல், நேற்றுப் படித்ததை ஒரு நிமிடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும். சில பதிவுகள் இரவு பதினொன்றரைக்கு வரும். பின்னால் குழந்தை அழும், பேருந்து இரையும். அடுத்த நாளுக்குள் பெயர் சொல்லிப் பதில் அனுப்பிவிடுவேன். இதற்கு எனக்குத் தினமும் முக்கால் மணி நேரம் போகிறது. ஒரு பதிவைக்கூட பதில் இல்லாமல் விட எனக்கு மனம் வராது.

முன்பு நான் பயன்படுத்திய தளத்தில், ஒரு பாடம் தவறினாலே 'நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் செய்தி போகும். ஷிஃப்ட் மாறிய ஒருவருக்கு அது ஒரே வாரத்தில் நான்கு முறை போனது. ஐந்தாவது முறை போவதற்கு அவர் வகுப்பில் இல்லை. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வாரம் கொடுக்கிறேன். அப்புறமும் வராதவர்களுக்கு நானே போன் செய்கிறேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, விட்டுப் போனவர்கள் நாலு பேரிடம் உங்கள் நிருபரைப் பேசச் சொல்லுங்கள். எந்த வாரம் விட்டார்கள், அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது, யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு வாசகி