விர்ச்சுவல்பாக்ஸ் திறக்காதவர்கள் கவனத்துக்கு

குன்னூரில் மழையோடு கரண்ட் போய்ப் போய் வந்ததில் சிலருக்கு விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) மெய்நிகர் கணினி திறக்கவில்லை. அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

'இன்அக்சஸிபிள்' (அணுக முடியவில்லை) என்று காட்டினால், விர்ச்சுவல்பாக்ஸை முழுதாக மூடிவிட்டு அந்த மெய்நிகர் கணினியின் ஃபோல்டருக்குள் பாருங்கள். 'விபாக்ஸ்' என்று முடியும் கோப்பு 0 கேபி என்று காலியாகக் கிடந்தால், பக்கத்தில் 'விபாக்ஸ்-பிரீவ்' என்று முடியும் பழைய பிரதி இருக்கும். அதை நகலெடுத்து, 'பிரீவ்' பகுதியை நீக்கி, காலிக் கோப்பின் இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

'விடி-எக்ஸ்' (பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி) பிழை வேறு கதை. கணினியின் தேதியும் தப்பாக இருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கரண்ட் போனதும் பயாஸ் (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு அழிந்திருக்கலாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள்.

அப்புறமும் மக்கர் செய்தால், 'லாக்ஸ்' ஃபோல்டரில் உள்ள விபாக்ஸ் லாக் கோப்பை இங்கே போடுங்கள். மங்கலான மொபைல் போட்டோ வேண்டாம், ப்ளீஸ்.