ஆறு கம்புகள்

வெள்ளவத்தை,
கொழும்பு - 6.
யூலை 6

அன்பு மகளுக்கு,

நீ வெள்ளிக்கிழமை அனுப்பிய படத்தை இரண்டு நாட்களாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். டெல்பினியம் மூன்றும் நடைபாதையின் குறுக்கே விழுந்து, நீலப் பூக்கள் சேற்றில் தோய்ந்து கிடந்தன. சென்ற ஆண்டு இதே செடிகள் ஆறடி உயரத்தில் நிமிர்ந்து நிற்க, நீ அவற்றின் அருகில் நின்று எடுத்த படத்தைக் கொட்டாஞ்சேனைச் சித்தப்பாவுக்கும் மேல்மாடி மாமிக்கும் காட்டி, லண்டன் களிமண்ணை என் மகள் இப்படிப் பண்படுத்தியிருக்கிறாள் என்று பெருமை பேசியவன் நான். அந்தப் படத்தில் செடிகளைச் சுற்றி மருமகன் ஊன்றிய ஆறு ஹேசல் கம்புகள் இருந்தன. இந்தப் படத்தில் ஒன்றும் இல்லை.

மழையும் காற்றுமாக இருந்தது என்று நீ சொல்வாய். டெல்பினியத்தின் தண்டு உள்ளே கூடாக இருப்பதனால் அது வளைந்து கொடுக்காது, பூவின் பாரமும் மழையின் பாரமும் சேர்ந்தால் ஒரேயடியாக முறிந்துவிடும் என்பதை உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குருத்துகள் ஓரடி உயரும்போதே கம்பை ஊன்றி, தண்டு வளர வளரச் சணல் கயிற்றால் எட்டின் வடிவில் தளர்த்திக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஏப்ரலில் தொலைபேசியில் கேட்டபோது, ‘எல்லாம் ஊன்றியாயிற்று, அப்பா’ என்றாய். முப்பத்தொரு ஆண்டுகள் நில அளவைத் திணைக்களத்தில் கோல் ஊன்றித் திரிந்த ஒருவனிடம் இல்லாத கம்பை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டாம்.

சரி, இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முறிந்த தண்டுகளை முறிவுக்குக் கீழே சுத்தமாக வெட்டிவிடு. வெறுமனே சாய்ந்தவற்றை ஒரே இழுப்பில் நிமிர்த்தாமல், ஒரு கம்பை ஊன்றி இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாக நிமிர்த்து. பூத்து முடிந்த கதிரை மட்டும் முதலில் நறுக்கு. தண்டையும் இலைகளையும் அவசரப்பட்டு எடுத்துவிடாதே. அடியிலிருந்து புதுக்குருத்து புறப்படுவதை உன் கண்ணால் கண்ட பிறகு பழைய தண்டைத் தரையோடு வெட்டி, கூட்டெருவும் தண்ணீரும் கொடுத்தால், ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பரிலோ சிறிய அளவில் இன்னொரு முறை பூக்கும். அந்தக் குருத்து ஓடில்லா நத்தைகளுக்கு மிகவும் பிடித்தது. இருட்டிய பிறகு டோர்ச் விளக்கோடு போய்ப் பார். செடி முழுவதும் நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடாதே.

புளொக்ஸ், ஹெலெனியம் போன்ற பூச்செடிகளுக்குக் கம்பே தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. லண்டன் செல்சியில் 1913இல் தொடங்கிய அந்த மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதக் கடைசியில், தண்டுகளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால், அவை கிளைத்து, குட்டையாகவும் உறுதியாகவும் வளர்ந்து, சில வாரங்கள் பிந்திப் பூக்கும். முன்வரிசையை மட்டும் வெட்டிப் பின்வரிசையை விட்டுவைத்தால் பூக்காலமும் நீளும். கம்பு ஊன்ற ஒருவருக்கும் நேரமில்லாத வீட்டுக்கு அது நல்ல முறை. ஆனால் டெல்பினியத்தில் இதைச் செய்துவிடாதே. அதன் முதற்கதிரை வெட்டினால் அந்தப் பருவத்தின் நல்ல பூ போனதுதான். இந்த ஆண்டு எப்படியும் காலம் கடந்துவிட்டது.

நேரமில்லை என்றால் நேரமில்லை என்று சொல்லலாம். மருமகனுக்கு வேலை அதிகம் என்றால் அதையும் சொல்லலாம். ஏப்ரலுக்குப் பிறகு நீ அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் கம்புகளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இங்கே புதினம் அதிகம் இல்லை. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கிழக்குப் பக்கத் தொடர்மாடி ஒன்பதாம் தட்டுக்கு எழும்பிவிட்டதால், நம்முடைய இருபத்திரண்டடிப் பாத்திக்கு முன்பு கிடைத்த ஆறு மணிநேர வெயில் நான்காகக் குறைந்துவிட்டது. மணிக்கூட்டை வைத்து அளந்துதான் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறையப் பன்னிரண்டு மணிநேரமே உள்ள ஊரில் இரண்டு மணி வெயில் சிறிய இழப்பல்ல. மணிவாழை பூக்கச் சுணங்குகிறது. ஹெலிகோனியா மட்டும் குறை சொல்லாமல் நிற்கிறது. அதன் மடல்களுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து எச்சரித்த பிறகு, ஒவ்வொரு காலையும் அவற்றைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றிவிடுவது என் வேலையாகிவிட்டது.

ஹெலிகோனியாவைப் பற்றி எழுதத் தொடங்கியதால் இதையும் எழுதிவிடுகிறேன். அதன் ஒவ்வொரு தண்டும் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த தண்டைத் தரையோடு வெட்ட வேண்டும். பூக்காத தண்டைத் தொடக்கூடாது. இது எனக்கு 1998இலேயே நன்றாகத் தெரியும். அந்த ஆண்டு ஐப்பசியில் நான் பதினொரு நாட்கள் வீட்டில் இல்லாதது உனக்கு நினைவிருக்கும். அநுராதபுரத்துக்கு அளவை வேலைக்குப் போயிருக்கிறேன் என்றுதான் உனக்கும் தம்பிக்கும் சொல்லப்பட்டது. நான் அநுராதபுரம் போகவில்லை. சித்தப்பா வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அதற்கு முன்னர் மாதக்கணக்காக அம்மாவோடு பேச வேண்டிய எதையும் பேசாமல், மாலையில் வேலையிலிருந்து வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிடுவேன். நீ யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்பாவுக்குச் செடிகளில் எவ்வளவு பிரியம் என்று பாடசாலைக் கட்டுரை ஒன்றில் எழுதியும் இருந்தாய். புறப்பட்ட அன்று காலையில் பூத்தது, பூக்காதது என்று பாராமல் ஹெலிகோனியா முழுவதையும் வெட்டி எறிந்தேன். அதைக் கவ்வாத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அவசரத்தில் என் கத்திக்குத் தப்பிய இரண்டு தண்டுகளுக்கு அம்மா முண்டு கொடுத்துக் கட்டியிருந்தாள். முண்டாக நின்றது, என் அறை மூலையில் கிடந்த அளவைக் கோல். அந்தச் சிவப்பு வெள்ளைக் கோல் ஏன் இன்றும் பாத்தியின் நடுவில் நிற்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம், எல்லைக்காக என்றும் காகத்துக்காக என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஏன் அதை எடுத்து ஊன்றினாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நான் வெட்டியவை மறுபடி ஒழுங்காகப் பூக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அடுக்களையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, மனம் சரியில்லாத நாளில் கத்தரிக்கோலை எடுக்காதே. புதுக்குருத்தைக் கண்ட பிறகுதான் பழையதை வெட்ட வேண்டும் என்று மேலே சொன்னதை மறந்துவிடாதே. விழுந்தது விழுந்ததாகவே ஒரு கிழமை கிடந்தாலும் வேர் சாகாது.

உன் அறை யன்னலை மூடிக்கொண்டிருந்த அலமண்டாக் கொடியை நேற்று வெட்டிவிட்டேன். இப்போது அறைக்குள் நல்ல வெளிச்சம் வருகிறது. விடுமுறைக்கு டிசம்பர் வரையில் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நாளைக்கு வருகிறேன் என்றாலும் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினால் போதும்.

படம் மட்டும் அனுப்பாதே. அந்த ஆறு கம்புகளும் உன் வீட்டில் இருக்கின்றனவா, இல்லையா என்பதை ஒரு வரியில் எழுது.

அன்புடன்,
அப்பா