மகமைப் பணத்தில் ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் நடந்த மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் பற்றிய செய்தியை உங்கள் இதழில் படித்தேன். முகாம் நல்ல காரியம். அதற்கு அடுத்த படியைப் பற்றி, மகமையை, அதாவது வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒதுக்கும் பணத்தை, நிர்வகிக்கும் நம் பக்கத்து அறக்கட்டளைக்காரர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் மகள் டாக்டர். நம் ஊர்ப் பெண்கள் மார்பில் கட்டியைக் கவனித்த நாளுக்கும் டாக்டரிடம் போகும் நாளுக்கும் நடுவில் எத்தனை மாதம் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது, அதற்குள் நோய் எவ்வளவு முற்றிவிடுகிறது என்று ஊர் ஊராகப் போய் இரண்டு வருடம் ஆராயத் திட்டம் போட்டாள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கிவிட்டாள். பணத்துக்காக இங்குள்ள ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பித்தாள். என் வீட்டு வளவில் உட்கார்ந்துதான் படிவத்தை நிரப்பினோம். ‘கட்டடத்தின் நீள அகலம்’ என்று ஒரு கட்டம். ‘கல்வெட்டில் பொறிக்க வேண்டிய வாசகம்’ என்று இன்னொன்று. இரண்டிலும் கோடு போட்டாள். வீடு வீடாகப் போகிறவர்களின் சம்பளம், பஸ் செலவு, பரிசோதனைக் கட்டணம் எல்லாம் ‘இதர செலவு’ என்ற ஒரே வரியில் அடங்க வேண்டியிருந்தது.

நேரில் போனபோது அங்கிருந்த பெரியவர், “ஆத்தா, கட்டிலாக் கேளு, பத்து வாங்கித் தாரோம். ஆராய்ச்சின்னா நாலு பேருக்கு எதைக் காட்டுறது?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, லிக்னோகெயின், அந்த மலிவான மருந்தை மார்பக அறுவைக்குச் சில நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் சோதித்தார்கள். நம் நாட்டின் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்கள். 2023இல் முடிவு வெளியானது. ஊசி போடாதவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 86 பேர், போட்டவர்களில் 90 பேர். அந்த நாலு பேரைக் காட்டலாம், ஐயா. 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது.

எனக்கும் வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்பு முடியட்டும் என்று இருந்தேன், அப்புறம் மகன் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். நாலு மாதம். படித்தவள்தான் நான். என்னைப் போல எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதைத்தான் அவள் எண்ணிப் பார்க்க நினைக்கிறாள்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதிலிருந்து என்ன விளையும் என்று அன்றைக்கு யாரால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்?

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. விண்ணப்பம் 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். பெரியவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் தொண்டு நிறுவனங்கள், சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி ஒரு சுருக்கத்தைக் கேட்டு வாங்குகின்றன. நோயைக் கடந்து வந்த பெண்களும் அதைப் படித்துக் கருத்துச் சொல்வது உண்டு. இந்த முறை அவள் விண்ணப்பத்தை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், நாலே பக்கம். ‘பயாப்சி’ என்ற இடத்தில் ‘ஊசியால் துளிச் சதை எடுத்துப் பார்ப்பது’ என்று போட்டேன்.

அறக்கட்டளைகளிடம் கேட்பது இவ்வளவுதான். படிவத்தில் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு பக்கம் சேருங்கள். வருகிற விண்ணப்பங்களை வெளியூரில் உள்ள, துறை தெரிந்த இரண்டு டாக்டர்களிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். மொத்தமாகப் பணம் தர வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, கணக்கும் அறிக்கையும் வந்த பிறகு அடுத்தது. பேரேடு எழுதிப் பழகிய ஊருக்கு இது பெரிய வேலை இல்லை. அண்ணன் மகள் ஆவணியில் மறுபடியும் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போகிறாள். நானும் கூடப் போகிறேன்.

ஒரு வாசகி,
பள்ளத்தூர்